மினரல் வாட்டரின் ஜாதகம்

போன மாசம் எங்க குன்னத்தூர் பனியன் கம்பெனிக்கு சாம்பிள் பார்க்க பிரான்ஸ்காரர் ஒருத்தர் வந்தார். மண்டையைப் பிளக்கிற வெயில். “ஏப்பா, சாருக்கு மினரல் வாட்டர் கொண்டா” என்றார் முதலாளி. கேன் தண்ணியை டம்ளரில் பிடித்து நீட்டினேன். மனுஷன் கேனை உற்றுப் பார்த்துவிட்டு, “இது மினரல் வாட்டர் இல்லையே!” என்றார்.

நிஜம்தான் சார்! கேனில் ‘பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்’ என்றுதான் போட்டிருக்கு. 1965-ல் மும்பையில் பிஸ்லெரி கண்ணாடி பாட்டிலில் வந்ததிலிருந்து, அடைச்சு விற்கிற தண்ணியெல்லாம் நமக்கு மினரல் வாட்டர். தர நிர்ணயக் கணக்கில் இரண்டும் வேறு. கேன் தண்ணிக்கு ஐ.எஸ். 14543. இயற்கை மினரல் வாட்டருக்கு ஐ.எஸ். 13428. இதை ஊற்றெடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடைக்கணும். அதிலிருக்கும் தாது உப்புகளில் கை வைக்கக் கூடாது.

அவர் பையிலிருந்து எவியான் பாட்டிலை எடுத்தார். லேபிளில் ஜாதகமே இருந்தது! லிட்டருக்கு கால்சியம் 80 மில்லிகிராம், மக்னீசியம் 26, சோடியம் 6.5. ஆல்ப்ஸ் மலையில் விழுந்த மழையும் பனியும் பாறை, மணலுக்குள் 15 வருஷத்துக்கு மேல் கசிந்து வருகிற தண்ணி. உப்பெல்லாம் வழியில் பாறை கொடுத்த சீர். 1789-ல் ஒரு பிரபு இதைக் குடித்ததும் சிறுநீரகக் கோளாறு சரியானதாம், அன்றிலிருந்து பிரபலம். எங்க ஊரில் போர் தண்ணி குடிச்சா கல் வரும் என்கிறார்கள்!

டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன். கேன் தண்ணி 40. எவியான் 300 சொச்சம். எங்க போர் தண்ணி 1,400!

“அப்ப நம்ம தண்ணியிலதான் மினரல் ஜாஸ்தி!” என்று முதலாளிக்கு ஒரே பெருமை.

அங்கேதான் சிக்கல். எத்தனை உப்பு என்றுதான் மீட்டர் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. நம்ம தரக் கணக்கில் 500 வரை நல்ல தண்ணி. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதனால் அவன் மினரல் இருக்கணும் என்று காசு கொடுக்கிறான். நாம் அதை எடுக்கச் சொல்லிக் காசு கொடுக்கிறோம்.

பாறை தந்தது போக, நாம் தந்த சீரும் இருக்கே! எங்களுக்குத் தெற்கே நொய்யலில், பாசனத்துக்காக 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணித் தொட்டியாகிப் போச்சு. “தண்ணியைத் திறந்து விட்றாதீங்க சாமி” என்று விவசாயிகளே கெஞ்சினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஐகோர்ட். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாதவர்தான் மறுபடி ஓட்டலாம் என்றாச்சு. ஆனால் பூமிக்குள் போனது போனதுதானே? இன்றைக்கு மண்ணில் கொட்டுவது, நாளைக்கு நம்ம பிள்ளைகளின் டம்ளரில்.

கடைசியில் பிரான்ஸ்காரர் எங்க போர் தண்ணியையும் தொடவில்லை, கேனையும் தொடவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தோம். “பிரமாதம்!” என்று ரெண்டு குடித்தார்.

அந்தத் தென்னை எந்தத் தண்ணியைக் குடிக்குது என்று அவர் கேட்கலை. நானும் சொல்லலை!