கல்பாவிய சாலையும் தங்கவயலும்: முன்கணிப்பு எதைச் சொல்ல வல்லது?

ஆண்டுதோறும் ஏப்ரலில் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் நெருங்கும்போது, வெல்லும் வாய்ப்புள்ளோர் பட்டியல்கள் வரிசையாக வெளிவருகின்றன. ஒருவருக்கு ஐந்து நட்சத்திரம், இருவருக்கு நான்கு, மற்றும் சிலருக்கு மூன்று என வீரர்களைத் தரம்பிரிப்பது அவற்றின் வழக்கம். பந்தயம் முடிந்த மறுநாளே பட்டியல் பலித்ததா பொய்த்ததா என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. ஒரே ஒரு பெயரைக் கொண்டு முன்கணிப்பை அளக்கும் இந்தத் தீர்ப்புமுறை அடிப்படையிலேயே பிழையானது. கோலார் தங்கவயலின் சுரங்க வரலாற்றைப் பயின்றோர்க்கு இப்பிழை புதிதன்று.

1896இல் தொடங்கிய இப்பந்தயம் வடபிரான்சில் சுமார் 260 கிலோமீட்டர் தொலைவை ஒரே நாளில் கடப்பது. அதில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கருங்கல் பாவிய பழைய பண்ணைச் சாலை. முப்பது பகுதிகளாகப் பிரிந்துகிடக்கும் அச்சாலைகளில் கற்கள் மேடும் பள்ளமுமாய்த் துருத்தி நிற்கும். மலையேற்றம் இல்லாமையால், மலைப்பந்தயங்களில் வெல்லும் மெலிந்த உடலினருக்கு இங்குச் சிறப்பான பயன் இல்லை. நெடுநேரம் பெருவிசையுடன் மிதிக்கவல்ல கனத்த உடல், குறைந்த காற்றழுத்தம் கொண்ட அகன்ற டயர், கல்சாலைக்குள் நுழையும்போது முன்வரிசையில் இடம்பிடிக்க உதவும் அணி, ஒரு வாரம் முன்னர் நிகழும் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் காட்டிய வலிமை ஆகியவையே கணிப்போரின் அளவுகோல்கள். இவை வெறும் ஊகங்கள் அல்ல. ரோஜர் டி விளாமிங்க், டாம் போனன் ஆகிய இருவரும் நான்கு முறை வென்றுள்ளனர். மத்தியூ வான் டெர் பூல் 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார். எல்லாம் தற்செயலே எனில், ஏறத்தாழ 175 பேர் புறப்படும் பந்தயத்தில் ஒரே பெயர் இவ்வாறு மீண்டும் மீண்டும் வாராது.

ஆயினும் எதிர்ச்சான்றுகளும் உள்ளன. 2016இல் மேத்யூ ஹேமன் வெல்வார் என எவரும் எண்ணவில்லை. பந்தயத்திற்குச் சில வாரங்கள் முன்பு கை எலும்பு முறிந்த அவர், வீட்டுக்குள் நிலைநிறுத்திய சைக்கிளில் பயிற்சி செய்து மீண்டவர். போனனின் ஐந்தாம் வெற்றியைத் தடுத்தவர் அவரே. 2021 அக்டோபரில் மழையிலும் சேற்றிலும் நடந்த பந்தயத்தில் சோனி கொல்பிரெல்லி வென்றார். அன்று முதல் மூன்று இடங்களையும் பெற்றவர்கள் இப்பந்தயத்தில் அதற்குமுன் கலந்துகொண்டிராதவர்கள். அனுபவமே இங்கு முதன்மை என்ற விதி அந்நாளில் செல்லவில்லை. 2023இல் கார்ஃபூர் து லார்ப்ர பகுதியில் வான் டெர் பூலுடன் முன்னணியில் இருந்த வவுட் வான் ஆர்ட்டின் டயர் பஞ்சரானது. எந்தக் கல், எந்த நொடி என்பதை எந்தப் பட்டியலும் சொல்லியிருக்க முடியாது.

இப்பந்தயத்தின் பெயர்பெற்ற கல்சாலை அரென்பெர்க் காட்டினூடே செல்கிறது. 1968இல் அதைப் பந்தயப் பாதையில் சேர்க்கப் பரிந்துரைத்த ழான் ஸ்தப்லின்ஸ்கி, போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, அவ்வூர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, பின்னர் 1962இல் உலகச் சாம்பியனானவர். அச்சாலையின் அடியில் பணிபுரிந்தவருக்கு நிலத்தின் இயல்பு தெரிந்திருந்தது. வேலூர், ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் கோலார் தங்கவயலில் பெற்ற அறிவும் இத்தகையதே. அங்கு அவர்கள் எதிர்கொண்ட கேள்வி பந்தயத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் அழுத்தம் தாளாத பாறை திடீரென வெடித்துச் சிதறும். சுரங்கத்தார் அதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். பாறை அதிர்வுகளைப் பதிவுசெய்யும் கருவிகள் அங்கு நிறுவப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. அந்த நீண்ட ஆய்வின் படிப்பினை தெளிவானது. வெடிப்பு எவ்விடங்களில் நிகழக்கூடும், எத்தகைய தோண்டுமுறை அதனைத் தூண்டும் என்பவற்றை ஓரளவு வரையறுக்க இயலும். இந்த நாளில், இந்த மணியில் நிகழும் என உரைக்க இயலாது.

இடத்தை அறிவதும் கணத்தை அறிவதும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டை மறப்பவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார் கணத்தையும் அறிந்தவர்போல் ஒரே பெயரை உறுதியாகச் சொல்கின்றனர். மறுசாரார் கணம் தெரியாததால் எதுவுமே தெரியாது, எல்லாம் விதி என்கின்றனர். இரண்டாவதே கூடுதல் தீங்கானது. பாறை வெடிப்பை விதி என்றுவிட்டால், மரத்தாங்கிகளுக்குப் பதிலாகக் கருங்கற் சுவர் எழுப்ப வேண்டும் என்ற பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போகும். தங்கவயலில் தாங்குமுறைகளும் தோண்டும் வரிசையும் மாற்றப்பட்டதற்குக் காரணம், வெடிப்பின் நேரம் தெரிந்ததன்று. வெடிப்பு வரும் என்பது தெரிந்திருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

பந்தயத்திலும் இதற்கோர் அண்மைச் சான்று உண்டு. 2024இல் வீரர்கள் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க, அரென்பெர்க் நுழைவாயிலுக்கு முன்னர் வேகத்தைக் குறைக்கும் வளைவு ஒன்று அமைக்கப்பட்டது. எவர் விழுவார் என்பது யாருக்கும் தெரியாது. அவ்வேகத்தில் நுழைந்தால் விழுவோர் இருப்பர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1998இல் யோஹான் முசேவ் அங்கு விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டதை யாரும் மறந்திலர். வளைவு உகந்த வடிவில் அமைந்ததா என்பதில் கருத்துவேறுபாடு எழுந்தது, அது இயல்பே. பெயரறியாத நிகழ்தகவும் செயலுக்குப் போதிய அடிப்படை என்பதை அம்முடிவு ஏற்றுக்கொண்டது.

ஆகவே, வாய்ப்புள்ளோர் பட்டியலை மதிப்பிடும் முறை மாறவேண்டும். ஒருவருக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு எனக் கணித்தவர், அவர் தோற்றதாலேயே பொய்த்தவராகார். அக்கணிப்பே அவர் தோற்பதற்கு அறுபது வாய்ப்பு உண்டு என்கிறது. நாற்பது என்று சொல்லப்பட்டவர்களுள் பல ஆண்டுகளில் எத்தனை பேர் வென்றனர் என எண்ணிப்பார்ப்பதே முறை. வானிலைக் கணிப்புகளை அளக்க கிளென் பிரையர் 1950இல் முன்வைத்த மதிப்பெண் முறை இதற்கெனவே உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நிகழும் பந்தயத்தில் இத்தகைய மதிப்பீட்டுக்குப் பொறுமை தேவை. நட்சத்திரங்களை எண்களாக்கி, பதிவுசெய்து, ஆண்டுகள் கடந்து ஒப்பிடும் துணிவு கணிப்போருக்கு வேண்டும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அரென்பெர்க் சுரங்கம் 1989இலேயே மூடப்பட்டது. ஆயினும் அதனை உள்ளடக்கிய சுரங்கப் படுகை 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது, பந்தயமும் ஆண்டுதோறும் அங்குத் திரும்பி வருகிறது. தங்கவயலுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஆழத்தில் உழைத்தோர் உயிர்விலை கொடுத்துப் பெற்ற அறிவேனும், முன்கணிப்பைப் பயிலும் மாணவர்களின் வகுப்பறைக்கு வருதல் வேண்டும்.