அதிசயம் என்றொரு வசவு

பாராட்டுவதுபோல் வந்து, பாராட்டப்படுகிறவன் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகிற சொற்கள் சில நம்மிடம் புழங்குகின்றன. 'அதிசயம்' அவற்றில் ஒன்று. 2019 மார்ச் 9ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. அன்றிலிருந்து அந்த வெற்றியைப் பற்றி என் காதில் விழுந்த பேச்சில் பாதி, அது ஓர் அதிசயம் என்பது. மீதிப் பாதி மௌனம். இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி.

நான் அந்த அணியின் ரசிகன். ரசிகன் என்றதும் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் சிலருக்குச் சுவரொட்டியும் பாலாபிஷேகமும் ஞாபகம் வரக்கூடும். வரட்டும். ஒரு சீசனின் 20 ஆட்டங்களை, ஜெயித்ததையும் தோற்றதையும் ஒரே கவனத்தோடு, விடாமல் பின்தொடர்கிறவனுக்கு நம் பாஷையில் வேறு பெயர் இல்லை. ரசிகமணி வழியில் சுவைத்துத் தலையாட்டுவது ஒன்று. செல்லப்பா சொன்ன மாதிரி அலசிப் பார்ப்பது வேறொன்று. கவிதைக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று வாதாடி வந்திருக்கிற நாம், கால்பந்து என்று வந்ததும் முதலாவதற்கும் கீழே இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது ஏன்?

நடந்தது என்ன என்று பார்க்கலாம். 2016 டிசம்பரில் ஐ-லீகில் நுழைந்த அணி இது. முதல் இரண்டு சீசன்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோயம்புத்தூரில். மூன்றாவது சீசனில் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்யோ, சான்ட்ரோ, எஸ்லாவா, கோல் காக்க நௌசெட் சந்தானா – ஸ்பெயின் கால்பந்தின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிப் பழகியவர்கள். அவர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் போன்ற நம் ஊர்ப் பையன்கள். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவது நம் லீகுகளின் பழைய பழக்கம். இவர்கள் கோல் காப்பவனின் காலிலிருந்தே பந்தைத் தரையோடு கோத்துக்கொண்டு வந்தார்கள். சில சமயம் அதனாலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்புறமும் அதையே செய்தார்கள். முதல் ஆட்டத்திலேயே மான்சி மூன்று கோல் போட்டார். சீசன் முடிவில் அவர் கணக்கில் 21 கோல்கள்.

எதிரே இருந்தது ஈஸ்ட் பெங்கால். 1920இல் தொடங்கிய கிளப். தேசிய லீகை 2004க்குப் பிறகு ஜெயிக்காத வெறி. ரியல் மாட்ரிட்டின் இளையோர் அணியைப் பழக்கிய அலெஹாந்த்ரோ மெனெந்தெஸ் அவர்களுடைய பயிற்சியாளர். 2018 உலகக் கோப்பைக்குப் போன கோஸ்டா ரிக்கா அணியின் ஜானி அகோஸ்டா அவர்களுடைய தற்காப்பில். ஸ்பெயின்காரர்களை இறக்கி ஜெயித்தார்கள் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அந்த ஈஸ்ட் பெங்காலைச் சென்னை சிட்டி இரண்டு முறை சந்தித்தது. இரண்டு முறையும் ஜெயித்தது.

கடைசி நாள் கணக்கு இது. சென்னை சிட்டி ஜெயித்தே ஆகவேண்டும். ஏனென்றால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது, ஆடி ஜெயித்தும்விட்டது. கோயம்புத்தூரில் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளை வரை அதேதான். ஓட்டப் பாதைக்கு அப்பால் சிமெண்ட் படிகளில் இருந்த கூட்டம் வாயடைத்துப் போயிருந்தது. அந்த நாற்பத்தைந்து நிமிஷத்திலும் அணி தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பயந்தவன் பந்தை உயர அடிப்பான். இவர்கள் அடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கோல் போடுவது தன் பிரதான வேலையாக இல்லாத கௌரவ் போரா அடுத்து இரண்டு போட்டார். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

இதில் அதிசயம் எங்கே வருகிறது? ஒரு பயிற்சியாளரின் கருத்து இருந்தது. அதைக் காலால் நிறைவேற்றத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தோல்வி வந்தபோதும் கருத்தைக் கைவிடாத பிடிவாதம் இருந்தது. காரணங்கள் கண்ணுக்கு எதிரே வரிசையாக நிற்கும்போது அதிசயம் என்கிறவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மறுநாள் பேப்பரைப் பார்த்தான் என்று அர்த்தம்.

இதற்கு முன்னாலும் இதே சொல்லைச் சொன்னார்கள். 2017இல் மிஜோராமின் ஐஜால் சாம்பியன். அதற்கு முந்திய வருஷம் கீழே தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. அதிசயம் என்றார்கள். 2018இல் மினர்வா பஞ்சாப். அதிசயம். 2019இல் சென்னை சிட்டி. மறுபடி அதிசயம். அதே சீசனில், லீகுக்குள் அப்போதுதான் கால் வைத்த ரியல் காஷ்மீர் மூன்றாமிடம். மூன்று வருஷத்துக்கு மூன்று அதிசயம் நடக்கிறது என்றால் அதை அப்படிச் சொல்வது நியாயமா? சின்ன ஊரின் அணி, பெரிய கஜானா இல்லாத அணி, வேலையைச் சரியாகச் செய்தால் முதலிடத்துக்கு வரமுடிகிற ஓர் ஏற்பாடு இந்த நாட்டில் இருந்தது என்பதல்லவா அதற்குப் பொருள்? அந்த ஏற்பாட்டைக் கலைக்க விரும்புகிறவனுக்குத்தான் அதை அதிசயம் என்று அழைப்பது லாபம். அதிசயம் தற்செயல், தற்செயலை நம்பி லீக் நடத்த முடியாது, ஆகவே வேறு ஏற்பாடு வேண்டும். தர்க்கம் இப்படித்தான் நடந்து போகிறது.

வேறு ஏற்பாடு தயாராகவே இருந்தது. 2010இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வியாபார உரிமைகளைப் பதினைந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. பட்டியலில் கடைசியில் நின்றாலும் வெளியே போகவேண்டியதில்லை. கீழேயிருந்து எவனும் மேலே வரவும் அன்று முடியாது. இதற்குப் பெயர் லீகாம். சென்னை சிட்டி ஜெயித்த அதே சீசனில், ஐ-லீகின் பல ஆட்டங்களைத் தொலைக்காட்சி நடுவழியில் கைவிட்டது. அணி சாம்பியனாகி எட்டு மாசம் முடிவதற்குள், 2019 அக்டோபரில், ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு சூப்பர் லீக்தான் நாட்டின் முதல் லீக் என்றாகிவிட்டது. மைதானத்தில் யாரும் யாரையும் தோற்கடித்து இது முடிவாகவில்லை. எதிர்த்திசையில் ஓர் ஆட்டமும் உண்டு: 2019 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பைக் காலிறுதியில், சூப்பர் லீக் சாம்பியனான பெங்களூரு அணியை ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது. எது முதல் லீக் என்ற கேள்விக்குப் புல்தரை தன்னாலான பதிலைச் சொல்லிவிட்டது. ஒரே ஒரு ஆட்டம்தான், அதை நிரூபணம் என்று தூக்கிப் பிடிக்கமாட்டேன். ஆனால் எது முதல் லீக் என்பதைத் தீர்மானித்தது எந்த ஆட்டமும் அல்ல, கையெழுத்துகள் மட்டுமே.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் முதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு சென்னை சிட்டி தன் சொந்த மைதான ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடி ஒரு கோலில் தோற்றது. மான்சி ஜப்பானுக்குப் போனார். கோர்டில்யோ ஹைதராபாத்துக்கு. 2019 தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவிகிதப் பங்கு வாங்கியிருந்தது. அதுவும் அணியைக் காப்பாற்றவில்லை. 2020-21 சீசன் வரை பெயர் இருந்தது. 2021-22 பட்டியலில் இல்லை. இரண்டாமிடம் வந்த ஈஸ்ட் பெங்கால் 2020இல் சூப்பர் லீகில் சேர்ந்துகொண்டது, எந்தப் பட்டியலில் முந்தியும் அல்ல. 43 புள்ளி எடுத்தவன் காணாமல் போனான். 42 எடுத்தவன் 'முதல்' லீகில் உட்கார்ந்தான். இதைவிடப் பச்சையாக ஒரு ஸ்தாபனம் தன் தர நிர்ணயத்தை வெளியிட முடியாது.

சென்னை சிட்டியும் பணம் கட்டி நேராக நுழைந்த அணிதானே, அதற்கு மட்டும் என்ன புனிதம் என்று கேட்கலாம். சரியான கேள்வி. நுழைந்த வழியில் புனிதம் ஒன்றுமில்லை. நுழைந்த பிறகு, கீழே விழுவது என்பது உள்ள ஒரு லீகில் ஆடினார்கள் என்பதுதான் வித்தியாசம். விழமுடியாதவன் ஜெயிப்பதற்கு அர்த்தம் குறைவு. இன்னொரு கூட்டம் இதைத் தமிழன் வெற்றி என்று மேடையேற்றப் பார்த்தது. உருகுவேயில் பிறந்தவர் கோல் போட, சிங்கப்பூர்க்காரர் சொல்லிக்கொடுக்க, சென்னைப் பெயரில் கோயம்புத்தூரில் கிடைத்த வெற்றிக்கு அந்தச் சால்வை பொருந்தாது. வெற்றியின் அழகே அது யாருடைய சால்வைக்கும் பொருந்தவில்லை என்பதில் இருக்கிறது.

இனி நம் வட்டாரத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு பேச்சு கேட்கிறது. விளையாட்டு ஜனங்களை மயக்கும் லாகிரி, சீரிய எழுத்தாளன் அதில் பிரக்ஞையைச் செலவழிக்கக்கூடாது என்பது ஒன்று. இதைச் சொல்கிறவர்கள் கூத்தையும் சங்கீதத்தையும் பற்றி முப்பது வருஷம் முன்பு இதேபோலச் சொல்லப்பட்டதை மறந்தவர்கள். மற்றது இன்னும் ஆபத்து: கால்பந்தைப் படிமமாக மட்டும் அனுமதிப்பது. கவிதையில் பந்து உருளும், கோல் வாசலில் தனிமை நிற்கும். ஆனால் கவிஞருக்குக் கோல் கிக் எது கார்னர் கிக் எது என்று தெரியாது. படிமத்துக்கு உபயோகப்படுகிறவரை ஆட்டம் வேண்டும், ஆட்டத்துக்கு நியாயம் கேட்கும்போது ஆள் கிடையாது.

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு ஒன்று நினைவூட்டலாம். 'எழுத்து' 1959இல் தொடங்கி 119 இதழோடு 1970இல் நின்றது. நின்றதால் அதில் வந்த கவிதைகள் ரத்தாகிவிட்டனவா? அன்றைய வாரப் பத்திரிகைகளின் விற்பனைதான் தமிழ்க் கவிதையின் முதல் லீகா? இல்லை என்று அடித்துச் சொல்லத் தெரிந்த நமக்கு, சென்னை சிட்டி இன்று இல்லை என்பதால் 2019 ஓர் அசட்டுக் கனவு என்று யாராவது சொல்லும்போது வாய் வராதது ஏன்? ஆனால் இந்த ஒப்புமையை ரொம்பத் தூரம் இழுக்கமுடியாது. பழைய இதழைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் படிக்கலாம்; கவிதை முழுசாக இருக்கும். ஆட்டம் அப்படி இல்லை. ஒளிப்பதிவைப் போட்டுப் பார்க்கிறவனுக்கு முடிவு தெரியும். இடைவேளையில் 0-1 என்று உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஆட்டத்தின் உள்ளடக்கம். அது பார்த்தவர்களிடம் மட்டும் மிச்சமிருக்கிறது. பார்த்தவன் அதை ஏனோதானோவென்று சொன்னால், அது ஒழிந்தது. கவிதைக்கு மோசமான விமர்சகன் வாய்த்தால் கவிதைக்கு நஷ்டமில்லை. ஆட்டத்துக்கு நஷ்டம்.

2025இல் அந்தப் பதினைந்து வருஷ ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ஜூலையில், சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாசம் ஐ-லீகின் 2024-25 சாம்பியன் யார் என்பதை லோசான் நகரத்து விளையாட்டு நீதிமன்றம் தீர்மானித்து, இன்டர் காசி என்று சொல்லவேண்டி வந்தது. எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றுமில்லை. 2022-23இலிருந்து ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், பஞ்சாப் முதலில் போனது, அது நல்லது. மூன்று வருஷம் முன்னால் திறந்திருக்கவேண்டிய கதவு.

நான் கேட்பது கண்ணீர் அல்ல. நினைவுச் சின்னமும் அல்ல. சரியாகச் சொல்லவேண்டும் என்பது மட்டும். 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. அதிசயம் என்கிறவர்கள் முதலில் அந்த மூன்று தோல்விக்குப் பதில் சொல்லட்டும். அதிசயத்தில் தோல்வி வராது. வேலையில்தான் வரும்.