கரப்பான் சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமா?

முழங்கை மடிப்பில் கருத்துத் தடித்த தோலோடு வரும் பிள்ளையைக் கண்டால், "வீட்டில் ஒழுங்காகக் குளிப்பாட்டுவதில்லை போலும்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அரிப்போடு கூடிய அந்தக் கருமை அழுக்கன்று. பெரும்பாலும் அது கரப்பான். மருத்துவர்கள் எக்சிமா என்றழைக்கும் நாட்பட்ட தோல் அழற்சி. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆகவே அப்பிள்ளையைத் தனியே அமர்த்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மருத்துவ நூல்களின் படங்களில் எக்சிமா பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். ஆய்வுகளில் நோயின் கடுமையை அளக்கும் அளவுகோல்களும் சிவப்புக்கு மதிப்பெண் வழங்குகின்றன. நம் பிள்ளைகளின் தோலிலோ அழற்சி பழுப்பாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோ தென்படும். சிவப்பை நம்பி அளந்தால் கறுப்பினக் குழந்தைகளின் கடுமையான எக்சிமா கவனத்திற்குத் தப்பக்கூடும் என்று 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து.

நிறத்தைப் பாராமலும் இதனை இனங்காணலாம். 1991இல் தொடங்கப்பட்ட 'ஐசாக்' என்னும் பன்னாட்டு ஆய்வு பள்ளிகளுக்கே வினாத்தாளைக் கொண்டு சென்றது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் அதன் மலேசிய மையங்களுள் ஒன்று. 6, 7 வயதுப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் விடையளித்தனர். 13, 14 வயதினர் தாமே எழுதினர். ஆறு மாதங்களாவது வந்து வந்து போகும் அரிப்புத் தடிப்பு உண்டா? முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கணுக்காலின் முன்புறம், கழுத்து, காது, கண்ணைச் சுற்றிய இடங்களில் வந்ததா? அரிப்பால் இரவில் உறக்கம் கெட்டதா? வினாக்கள் இப்படித்தான் அமைந்திருந்தன.

ஆசிரிய நண்பர்களே, அந்த உறக்க வினாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் பாடத்திலேயே தூங்கி விழும் மாணவன் விடிய விடியச் சொறிந்து கொண்டிருந்தவனாக இருக்கலாம். நம் துறைமுகப் பட்டினத்துப் புழுக்கத்தில், வியர்வையோடு சபைகூடலில் நிற்பது அவனுக்கு எத்துணைத் துன்பம்!

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஸ்டீராய்டு என்றதும் அஞ்சி, மருத்துவர் தந்த களிம்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். அவர் சொன்ன அளவிலும் காலத்திலும் பூசினால் அது பாதுகாப்பானதே. வேடிக்கை என்னவென்றால், இரவுச் சந்தையில் பெயர் முகவரியின்றி விற்கும் 'இயற்கைக்' களிம்பை மட்டும் ஐயமின்றி வாங்குகிறோம். அறிவிக்கப்படாத ஸ்டீராய்டு கலந்திருந்ததால் நம் சுகாதார அமைச்சு சில ஒப்பனைப் பொருள்களின் அனுமதியை இரத்துச் செய்திருக்கிறது. அளவு தெரியாத மருந்தன்றோ அஞ்சத்தக்கது?

'கரப்பான் பண்டம்' என்று இறாலையும் கத்தரிக்காயையும் கருவாட்டையும் சோதனை ஏதுமின்றி விலக்கி, வளரும் பிள்ளையின் உணவைக் குறைப்பதும் நன்றன்று.

விலையுயர்ந்த ஈரப்பதக் களிம்பும் தேவையில்லை. பிரித்தானியாவில் 550 குழந்தைகளிடம் நால்வகை ஈரப்பதப் பூச்சுகளை ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் பயனில் வேறுபாடு காணவில்லை. பிள்ளை முகஞ்சுளிக்காமல் பூசிக்கொள்வதை வாங்குங்கள், போதும். குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவைகளும் கூடுதல் பயன் தரவில்லை என்று 480க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அந்தப் பணமும் மிச்சம்.

அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லும் நாளில் தோல் ஓரளவு தேறியிருக்கலாம். அரிப்பு மிகுந்த நாளிலேயே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது என்பதையும் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.