இசையிதழும் மலையிசையும்

கோத்தகிரி மாணவர் சிலர் கூடி இசையிதழொன்று வெளியிடக் கருதியுள்ளோம். அட்டையில் எவர் படம் இடுவது என்பதே முதல் வழக்காயிற்று. சென்னைச் சபைகளிற் புகழ்பெற்ற பாடகர் படமே இதழை விற்கும் என்றனர் அன்பர் சிலர். நாம் அதற்கு உடன்படுகிலோம்.

சென்னையிசையைப் போற்ற இதழ்கள் முன்னரே எழுந்தன. 1930-ல் மியூசிக் அகாடமியின் ஆய்விதழும், 1983-ல் 'சுருதி'யும் தோன்றின. அவற்றின் நிழலாக நாமும் ஒன்று நடத்துவதனால் யாது பயன்?

நம் ஊர் கோத்தர் பெயரால் வழங்குவது. கொள் என்னும் ஊதுகுழலும், வளைந்த கொம்பும், பறையும் அவர்தம் இசைக்கருவிகள். முற்காலத்தில் படகர், தோடர் இழவுகளிலும் அவரே இசைத்தனர். அத்தொண்டினையே அவர்க்கு இழிவென்று கருதினர் பலர்; இசைத்தவர் பெயரை வினவியவர் மிகச் சிலரே. அக்குறையை நம் இதழ் தீர்த்தல் வேண்டும்.

ஆதலின், ஆசிரியர் குழுவில் கோத்தக் கலைஞர் ஒருவர் அமர்க. இசைத்தவர் பெயர் தலைப்பின்கீழ் நிற்க. தெய்வத்திற்குரிய இசை வேறு, இழவிற்குரியது வேறு என்பது அவர் மரபு. அவ்விரண்டனுள் எதனை வெளியிடலாம் என்பதை அவரே உரைக்க. ஏழு சுரக் குறிகளுள் அடங்காததை வலிந்து அடக்காது, ஒலிப்பதிவைத் துணையாகச் சேர்ப்போம்.

பொருளுக்கு யாது வழி என்பர். தஞ்சை மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் தம் முயற்சியாலேயே 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைப் பெருநூலை வெளியிட்டார். அவர்தம் செல்வம் நமக்கில்லை. ஆயினும் பதினாறு பக்கம் அச்சிட இயலாதோ? விற்பனை குறையினும் குறைக. அட்டையில் அண்டை வீட்டார் முகம் விளங்குக.