களவு மீனும் காகித நீதியும்

களவாகப் பிடித்த மீனை வாங்கமாட்டோம் என்கிறது ஐரோப்பா. நல்ல கொள்கைதான். கடல்வளம் சூறையாடப்படுவதை ஆதரிப்பவர் யார்? ஆயினும், ஒரு சட்டத்தை எடைபோட அதன் முகவுரையைப் படித்தாற் போதாது. அதன் அடி யார் முதுகில் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

2010 ஜனவரி முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தைக்குச் செல்லும் கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தக் கலம், எக்கடலில், எவ்வளவு பிடித்தது என்பதற்கு அக்கலத்தின் கொடிக்குரிய அரசே பொறுப்பு. 2012-ல் இலங்கைக்கு எச்சரிக்கை வந்தது. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லை, தண்டனை போதாது, இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழுவின் விதிகள் பேணப்படவில்லை என்பன குற்றச்சாட்டுகள். 2015 ஜனவரியில் கதவு மூடப்பட்டது. 2016 ஜூனில்தான் திறந்தது.

தவறியது கொழும்பின் நிர்வாகம். தவறு ஆழ்கடற் கலங்களைப் பற்றியது. தடையோ இலங்கைக் கொடியின்கீழ்ப் பிடிபட்ட மீன் அனைத்துக்கும் பொதுவாயிற்று. குருநகரிலும் பாசையூரிலும் சிறுபடகில் வலைபோட்டுக் கரை திரும்புபவனும் அதே தராசில் நிறுக்கப்பட்டான். மயிலிட்டியை நினையுங்கள். 1990-ல் மக்கள் இடம்பெயர்ந்த அத்துறைமுகம் 2017 வரை உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்தது. தன் துறையில் இறங்கவே விடப்படாதவனுக்கும் கடலைச் சூறையாடிய நாட்டவன் என்ற பட்டம்!

மறுபுறம் பாருங்கள். பாக்கு நீரிணையின் எல்லையை 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையறுத்தது. அதைத் தாண்டிவரும் தமிழக இழுவைப்படகுகள் கடலடியைச் சுரண்டுகின்றன. எம்மவர் வலைகளை அறுத்துச் செல்கின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-ல் சட்டத்தால் தடைசெய்தது. ஐரோப்பிய விதியின் சொற்படியே இது களவு மீன்பிடி. ஆனால், பிடித்த இடத்துக்குச் சான்று கூறவேண்டியது கொடிக்குரிய அரசு அல்லவா? தன் படகு அயலான் கடலில் அள்ளியது என்று எந்த அரசு முத்திரை குத்தும்? காகிதத்தில் குற்றமில்லை, எனவே குற்றமே இல்லை! அப்படகில் கூலிக்கு வருபவனும் ஏழையே. அவனை ஏவி இலாபம் காண்பவன் படகு முதலாளி.

அப்படியாயின் விதியே வேண்டாமா எனக் கேட்பர். வேண்டும். தடையின் அழுத்தத்தால் ஆழ்கடற் கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது நன்மையே. நாம் கேட்பது வேறு: தவறிழைத்த கலம் தண்டிக்கப்படட்டும், கொடியின்கீழ் வாழும் ஏழைகள் அனைவரும் ஏன் தண்டிக்கப்படவேண்டும்? பாக்கு நீரிணை மீனுக்கு முத்திரையோடு மெய்யான விசாரணையும் நடக்கட்டும். பனிக்கட்டியும் குளிர்க்களஞ்சியமும் ஏற்றுமதி உரிமையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வரட்டும். இல்லையேல், சான்றிதழின் செலவைச் சாட்டித் தரகன் விலையைக் குறைப்பான். மீன் பிடித்தவன் கடனோடு கரையில் நிற்பான்.

ஏற்றுமதிப் பொருள்களின் பட்டியலை வகுப்பில் மனனம் செய்விக்கும் ஆசிரியர்களே, அதை ஒப்புவிக்கும் மாணவர்களே! அப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் விதி எழுதியவன் ஒருவன். விலை கொடுத்தவன் இன்னொருவன். இருவரும் ஒரே மேசையில் அமரும்வரை அவ்விதியை நீதி என்று அழைக்கவேண்டாம்.