வகுப்புச் சுற்றுலா: நுவரெலியாவா, கற்பிட்டியா?



சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் வகுப்பாகச் சுற்றுலா செல்ல விரும்புவீர்கள். நுவரெலியாவா, கற்பிட்டியா எனக் கேட்டால் பலர் நுவரெலியாவுக்கே கை உயர்த்துவீர்கள். அதில் தவறில்லை. வெயிலும் மணலுமான நுரைச்சோலையில் வளர்ந்த நமக்கு, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள குளிரும் தேயிலைத் தோட்டங்களும் புதுமையே. 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவும் பார்க்க வேண்டியதே.

ஆயினும் எனது தெரிவு கற்பிட்டியாகும். வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தரைப் பற்றிப் படிக்கிறீர்கள். அவர்கள் 1667 முதல் 1676 வரை கட்டிய கற்பிட்டிக் கோட்டையை உங்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள்? நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், அங்கு டொல்பின்களைக் காண வெளிநாட்டவரும் வருகின்றனர். படகுக் கட்டணம் அதிகமெனில் கோட்டையும் கடற்கரையுமே போதும்.

முக்கிய காரணம் வேறொன்று. நுவரெலியாவுக்கு பஸ் வாடகை, தங்குமிடம், சாப்பாடு என்று பெருஞ்செலவாகும். அப்போது "எனக்கு விருப்பமில்லை" என்பவர்களில் சிலரிடம் இல்லாதது விருப்பமன்று, பணமே. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கற்பிட்டிக்கோ காலையில் சென்று மாலையில் திரும்பலாம். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம்.

எனவே மாணவர்களே, கை உயர்த்துமுன் உங்கள் பக்கத்தில் இருப்பவரையும் நினைத்துப் பாருங்கள். நுவரெலியாவுக்கு உழைத்துச் சம்பாதித்த பின்னரும் செல்லலாம். இந்த வகுப்பு முழுவதும் மீண்டும் ஒன்றுகூடுவது அரிது.