முற்றத்து முல்லை

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் பணிபுரிகிறார். சென்ற விடுமுறையில் ஊர் வந்தவர், துறைக்கு வந்து நம்மோடு நெடுநேரம் அளவளாவினார். அந்நாட்டில் தாம் கண்ட காட்சிகளை அலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். வெட்டவெளியில் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சுப் பெருங்கற்கள், ஆக்சுபோர்டின் கல் கோபுரங்கள், ஏரி மாவட்டத்தில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த சிறு வீடு, பாத் நகரில் உரோமானியர் கட்டிய நீராட்டு மண்டபம், அந்நகரை ஒட்டிய கால்வாயில் மிதக்கும் ஒடுங்கிய நீள்படகுகள் என அவை விரிந்துகொண்டே சென்றன. கண்டு மகிழ்ந்தோம். அவருடைய ஊர் புலியூர்க்குறிச்சிக்கு அருகில் என்பது நினைவுக்கு வரவே, “உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாய் கல்லறையைப் பார்த்ததுண்டா?” என வினவினோம். “கோட்டைச் சுவர் ஓரமாகத்தான் ஐயா மூன்றாண்டுகள் பேருந்தில் வந்தேன், உள்ளே போனதில்லை” என்றார் அவர்.

அவரைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. இம்மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாமும் நாற்பது வயதைக் கடந்த பின்னரே சிதறால் மலையில் ஏறினோம். முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது மலையாள நாட்டாரோடு சேர்ந்து நாமும் வழங்கும் பழமொழி. ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா என்றதும் உதகையும் கொடைக்கானலும் பெங்களூரும் நம் நாவில் வருகின்றன. தக்கலையும் திருவட்டாறும் முன்சிறையும் வருவதில்லை.

வெளியூரிலிருந்து இங்கு வருவோர் குமரிமுனையில் கதிரவன் எழுவதையும் மறைவதையும் கண்டு, சங்கும் பாசியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். 1970இல் விவேகானந்தர் பாறை மண்டபம் திறக்கப்பட்டது. 2000 சனவரி முதல் நாளில் 133 அடி உயர வள்ளுவர் சிலை எழுந்தது. 2024 டிசம்பர் இறுதியில் இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. முனையைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உள்ளனர். முனைக்கு வடக்கேயும் மேற்கேயும் கிடக்கும் நாட்டைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம்.

ஆக்சுபோர்டைக் கண்டு வியந்த நம் மாணவரிடம் பார்த்திவசேகரபுரத்தைப் பற்றிக் கூறினோம். முன்சிறைக்கு அருகில் இன்று பார்த்திவபுரம் எனப்படும் சிற்றூர் அது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே ஒரு திருமால் கோயிலும், அதனோடு 95 மாணவர் தங்கிப் பயிலும் சாலை ஒன்றும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது அது. அதன் செப்பேட்டில் மாணவரைச் சேர்க்கும் தகுதியும், அவர்தம் ஒழுங்கு விதிகளும், மீறினால் கட்ட வேண்டிய தண்டமும் எழுதப்பட்டுள்ளன. படைக்கலத்தோடு அவைக்கு வரலாகாது என்றும் ஒரு விதி உண்டு. மாணவர் விடுதிக் காப்பாளராக இருந்த அனுபவம் உள்ளோர் அச்செப்பேட்டை ஒருமுறை படித்தால் பழைய உறவினரைக் கண்டதுபோல் உணர்வர்!

ஆக்சுபோர்டில் கல்வி நடைபெற்றதற்கான பழைய சான்று 1096ஆம் ஆண்டைச் சார்ந்தது. நம் சாலை அதற்கு இருநூற்று முப்பது ஆண்டுகள் மூத்தது. பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அச்சாலை வேதம் பயிலும் சட்டர்க்கு மட்டுமே உரியது. எல்லார்க்கும் திறந்த கதவு அன்று. ஆக்சுபோர்டு இன்றும் வாழ்கிறது. நம் சாலை மறைந்து கோயில் மட்டும் எஞ்சியது. ஆயினும், ஒரு கல்லூரியில் பயிலும் மாணவர், தம் மாவட்டத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி இருந்த இடத்தை ஒருநாளேனும் சென்று காணாதிருப்பது நமக்கு உறுத்தலாகவே உள்ளது.

சிதறாலும் அதே காலத்தது. திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் கூறும் அக்குன்றில் பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை ஆகியோரின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டில் குரத்தியர் எனப்படும் பெண் துறவியர் பேசப்படுகின்றனர். பெண்கள் கற்றவராகவும் கொடை அளிப்பவராகவும் இங்கு விளங்கினர் என்பதை மாணவியர்க்குப் பாடநூல் வழியே சொல்வதைவிட, அப்பாறையின் முன் நிறுத்திச் சொல்வது எளிது. பின்னாளில் அக்கோயில் பகவதி கோயிலாக மாறியது. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களிலும் சமணத் திருவுருவங்களைக் காணலாம். ஒரு சமயத்தார் விட்டுச் சென்றதை மற்றொரு சமயத்தார் அழிக்காமல் ஏற்றுக்கொண்ட சான்றுகள் இம்மாவட்டத்தில் பல. அவற்றை நேரில் கண்டவர்க்குப் பிறர் சொல்லும் பகைமைக் கதைகள் எளிதில் ஏறா.

டிலனாய் கதையும் அத்தகையதே. 1741 ஆகத்து 10இல் குளச்சலில் ஒல்லாந்தர் படையை மார்த்தாண்டவர்மர் முறியடித்தார். சிறைப்பட்டவருள் ஒருவரான டிலனாய், பின்னர் வென்றவருக்கே படைப்பயிற்சி அளித்து, வலிய கப்பித்தான் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார். 1777இல் இறந்த அவர் உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. ஆலயத்தின் கூரை போய்விட்டது. வானமே கூரையாகக் கிடக்கும் அக்கல்லில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழை விரலால் தடவிப் படிக்கும் அனுபவத்தைத் தமிழ் இலக்கிய மாணவர் எவரும் இழக்கலாகாது.

அங்கிருந்து சிறிது தொலைவிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் அரசு அங்கிருந்தே நடந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனையைப் பேணி வருவது கேரளத் தொல்லியல் துறையே. இதனைக் குறையாகப் பேசுவோர் சிலர் உண்டு. நமக்கு அவ்வருத்தம் இல்லை. மரக்கூரையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையும் காக்கப்பட்டு வருகின்றன. யார் கையில் இருக்கிறது என்பதைவிட எப்படி இருக்கிறது என்பதன்றோ முக்கியம்?

மாத்தூர்த் தொட்டிப்பாலத்தை அனைவரும் அறிவர். 1966இல் கட்டப்பட்டு, பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்து செல்லும் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. அத்தண்ணீர் எங்கே போகிறது எனக் கேட்டால் விடை கூறுவோரும் குறைவு. பேச்சிப்பாறையும் அவ்வாறே. 1906இல் முடிவுற்ற அவ்வணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின், தம் நாட்டிற்குத் திரும்பாமல் அணைக்கருகிலேயே துயில்கிறார். நம் வயலுக்குத் தண்ணீர் தந்தவரின் கல்லறை அது.

நம் சமுதாயப் பெரியோர்க்குத் தக்கலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நெசவுத் தொழில் செய்து ஞானம் பாடிய பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கிய தர்காவில், ரஜப் மாதம் 14ஆம் இரவு ஞானப்புகழ்ச்சி பாடப்படுவதை அவர்கள் இளமை முதல் கேட்டு வருகின்றனர். பிற சமய மாணவரை அழைத்துச் சென்று அதனைக் கேட்கச் செய்தோமா என்பதே நம் கேள்வி. தமிழ்த் துறைக்கு அதைவிடச் சிறந்த செயல்முறைப் பாடம் ஏது?

தேங்காய்ப்பட்டினத்தின் கருங்கல் பள்ளிவாசல், மாலிக் இப்னு தீனாரோடு தொடர்புபடுத்தி மரபாகப் பேசப்படுவது. அதனைக் காணச் செல்வோர் அருகிலுள்ள கால்வாயையும் சற்றுக் காண வேண்டும். ஏ.வி.எம். கால்வாய் என்றால் மாணவர் பலர் திரைப்பட நிறுவனத்தை நினைத்துக்கொள்கின்றனர்! அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் என்பதே அதன் விரிவு. பத்மநாபசுவாமி பள்ளிகொண்ட அனந்தனின் பெயரும், ஆங்கில அரசியின் பெயரும், உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மரின் பெயரும் சேர்ந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை நீர்வழி அமைக்க 1860இல் வகுக்கப்பட்ட திட்டம் அது. குளச்சல் பக்கம்வரை வந்ததோடு நின்றது. வெட்டிய பகுதியில் வள்ளங்கள் ஓடின. இன்று அதன் பெரும்பகுதி ஆகாயத்தாமரையும் குப்பையும் மூடிக் கிடக்கிறது. சில இடங்களில் கால்வாய் இருந்த சுவடே இல்லை.

பாத் நகரில் நம் மாணவர் படம் எடுத்த கால்வாய்க்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. கென்னட் ஏவன் கால்வாய் என்பது அதன் பெயர், 87 மைல் நீளம், 1810இல் நிறைவுற்றது. புகைவண்டி வந்ததும் அதன் வாழ்வு தாழ்ந்தது. 1950களில் படகு செல்ல இயலாதபடி பல இடங்கள் தூர்ந்தன. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது கரையோர மக்கள் எதிர்த்தனர். தன்னார்வலர் பலர் விடுமுறை நாள்களில் மண்வெட்டியோடு வந்து சேறு அள்ளினர், பல்லாண்டுகள் அள்ளினர். 1990 ஆகத்தில் எலிசபெத் அரசியார் அதனை மீண்டும் திறந்துவைத்தார். விக்டோரியாவின் பெயர் தாங்கிய கால்வாய் நம் ஊரில் நாறுகிறது. அவர்தம் நாட்டுக் கால்வாயைக் காண நம் பிள்ளைகள் கட்டணம் செலுத்திப் படகில் ஏறுகின்றனர்.

அந்நாட்டாரிடம் கற்க வேண்டியது இதுவே எனக் கருதுகிறோம். 1895இல் ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையாரும், ஒரு வழக்கறிஞரும், ஒரு பாதிரியாரும் சேர்ந்து பழைமையையும் இயற்கை எழிலையும் காக்கத் தேசிய அறக்கட்டளை ஒன்றை நிறுவினர். அவர்கள் முதன்முதல் வாங்கிய கட்டடம் அரண்மனை அன்று. ஆல்பிரிஸ்டன் என்னும் சிற்றூரில் இடிந்துகொண்டிருந்த ஒரு கூரைவீடு. 1896இல் விலை பத்துப் பவுன். சிற்றூர்த் தேவாலயங்களின் வாயிலில் ஒரு மேசையும், அவ்வூர் வரலாற்றைக் கூறும் சிறு வெளியீடும், காசு போட ஒரு பெட்டியும் இருக்கும் என்றார் நம் மாணவர். அவ்வெளியீட்டை எழுதியவர் பெரும்பாலும் அவ்வூர் ஆசிரியராக இருப்பார்.

நம் ஊர்களில் அத்தகைய நான்கு பக்க வெளியீடு எத்தனை உள்ளன? ஆசிரியர்க்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. எழுத்தறிவில் தமிழகத்திலேயே முன்வரிசையில் நிற்கிறோம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த எழுத்தைக் கொண்டு நம் ஊரை எழுதினோமா?

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. சுசீந்திரத்திலிருந்து பூதப்பாண்டிவரை வரப்பில் நடந்து, தாடகைமலையைப் பார்த்தபடி செல்லும் நாஞ்சில் நாட்டுக் காட்சி எந்த ஆங்கிலச் சிற்றூர்க்கும் இளைத்ததன்று. அவ்வயல்கள் மனைகளாக மாறுகின்றன, குளங்கள் சுருங்குகின்றன, குன்றுகள் கல்லாகவும் மணலாகவும் லாரி ஏறிப் போகின்றன. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதால் ஓரளவு தப்பின. ஏனைய குளங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

ஆகவே துறையின் முன் ஒன்றை வைக்கிறோம். இரண்டாமாண்டு மாணவர் எழுதும் ஒப்படைப்புக் கட்டுரைக்கு ஈடாக, தம் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்குள் உள்ள ஒரு கோட்டை, குளம், பள்ளிவாசல், கோயில், தேவாலயம், அணை எதைப் பற்றியேனும் நான்கு பக்கம் எழுதித் தரட்டும். கல்வெட்டில் உள்ளது வேறு, செவிவழிச் செய்தி வேறு எனப் பிரித்து எழுதட்டும். மாணவியரைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்கும் இதில் இடர் இல்லை. உம்மாவையும் தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு காலையில் சென்று, பகலுணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

முதல் வெளியீடு அக்கால்வாயைப் பற்றியதாக அமைய வேண்டும் என்பது நம் விருப்பம். அதில் வள்ளம் ஓடியதைக் கண்டவரோ, கண்ட தந்தையர் வாய்வழிக் கேட்டவரோ தேங்காய்ப்பட்டினத்திலும் குளச்சலிலும் இன்னும் இருப்பர். அத்தகைய பெரியோர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தர இசைந்து துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால், மாணவர் இருவரை ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்தம் இல்லத்திற்கே அனுப்பிவைப்போம்.